பினாங்கு ஜார்ஜ்டவுனைக் காப்பாற்றியது யுனெஸ்கோவா?

மலேசியாவின் பினாங்குத் தீவுக்குச் சுற்றுலா வந்து போன ஒருவர் கேட்டிருந்த கேள்வி இது: "ஜார்ஜ்டவுன் பழைய நகரம் இப்போது இவ்வளவு களையாக இருக்கிறதே, இருபது இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் பாழடைந்து கிடந்ததாமே? ஏன் அப்படி ஆனது? யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த பிறகுதான் மீண்டதா? அதற்கு நடுவில் நம் ஆட்களின் லிட்டில் இந்தியா மட்டும் எப்படித் தாக்குப்பிடித்தது?"

பழைய கட்டடங்களைச் சீரமைக்கும் வேலையில் இருப்பவன் என்பதால் கொஞ்சம் நீட்டியே பதில் சொல்கிறேன். யுனெஸ்கோவின் பெயர் உதவியது, மறுக்கவில்லை. ஆனால் பட்டியலில் சேர்க்கிற அளவுக்கு இங்கே தெருத்தெருவாகப் பழைய வீடுகள் மிஞ்சியிருந்ததற்குக் காரணம், வீட்டுக்காரர்கள் முப்பது வருஷம் திட்டித் தீர்த்த ஒரு வாடகைச் சட்டம். அந்தச் சட்டம் வீடுகளைப் பழுதாக்கவும் செய்தது. அதை எடுத்தபோதுதான் ஊர் காலியானது. அப்புறம் கட்டடங்கள் மீண்டன. குடியிருந்த ஜனம் பெரும்பாலும் திரும்பி வரவில்லை.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். 1786இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தத் தீவைப் பிடித்து, மூன்றாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் நகரத்தை அமைத்தார். (சென்னை ஜார்ஜ் டவுனுக்குப் பெயர் கொடுத்தவர் ஐந்தாம் ஜார்ஜ், அவர் வேறு.) வரியில்லாத் துறைமுகம் என்று அறிவித்ததும் நாலா பக்கமிருந்தும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பெயரில்தான் சூலியா தெரு. அவர்களின் தலைவராக இருந்த காதர் மொய்தீன் முன்னின்று எழுப்பியது 1801இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். குயின் தெருவில் இருக்கும் மகாமாரியம்மன் கோயில் 1833ஆம் ஆண்டுக் கட்டடம். வட்டித்தொழில் செய்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் (தொழிலும் தங்கலும் ஒரே கூரையின் கீழ்) பினாங்குத் தெருவில் இருந்தன. எல்லோரும் விரும்பி வந்தவர்கள் என்றும் சொல்ல முடியாது. அந்தமானுக்கு முன்பே கம்பெனி இந்தியக் கைதிகளைக் கொண்டுவந்து சாலை போடவும் கட்டடம் கட்டவும் வைத்த ஊர் இது. சின்ன மருதுவின் மகன் துரைசாமியையும் உடனிருந்தவர்களையும் 1802இல் நாடுகடத்தியது இந்தத் தீவுக்குத்தான்.

இவர்கள் எல்லோரும் பிழைத்தது கடைவீடுகளில். முகப்பு குறுகல், உள்ளே போகப் போக நீளம். கீழே கடை அல்லது பட்டறை, மேலே குடித்தனம். நடுவில் வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் திறந்த முற்றம். முன்னால் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி நடக்க, வீட்டுக்கு வீடு தொடர்ந்து போகிற அஞ்சடிப் பாதை. சுவர் செங்கல், பூச்சு சுண்ணாம்பு, மாடித்தளம் பலகை, கூரை சுட்ட மண் ஓடு. இந்தச் சுண்ணாம்பு விஷயத்தைப் பிறகு சொல்கிறேன்.

நகரம் சரியத் தொடங்கியதற்கு முதல் காரணம் துறைமுகம். 1969இல் வரியில்லாத் துறைமுகம் என்ற தகுதி போனது. அதே காலத்தில் சரக்குகள் கன்டெய்னருக்கு மாறின. பெரிய கப்பல்கள் எதிர்க்கரையில் பட்டர்வொர்த் பக்கம் போயின. தோணியில் மூட்டை இறக்கிய ஆட்களுக்கும், அவர்களை நம்பியிருந்த சாப்பாட்டுக் கடைகளுக்கும் கிட்டங்கிகளுக்கும் வேலை குறைந்தது. தமிழர்களுக்கு இன்னொரு அடி, கப்பல் பயணம் நின்றது. நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் இங்கிருந்து போய்வந்த ராஜுலா 1973இல் ஓய்ந்தது. அடுத்து வந்த எம்.வி. சிதம்பரம் எண்பதுகளின் நடுவில் கடலில் தீப்பிடித்ததோடு அந்தக் கதையும் முடிந்தது. கப்பலேறும் முன் பெட்டி நிறையச் சாமான் வாங்கும் கூட்டம் ஒன்று இருந்தது. அதை நம்பி நடந்த கடைகள் எத்தனையோ.

மாநில அரசும் சும்மா இருக்கவில்லை. முதலமைச்சர் லிம் சோங் இயூ காலத்தில், 1972இல், தீவின் தெற்கே பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்தார்கள். மின்னணுத் தொழிற்சாலைகள் வந்தன. ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது. பினாங்கை அன்றைக்குக் காப்பாற்றியது அதுதான். ஆனால் வேலை தெற்கே போனால் வீடும் தெற்கே போகும். இளம் குடும்பங்கள் புதுக் குடியிருப்புகளுக்கு மாறின. பழைய நகரத்தில் வயதானவர்கள் தங்கினார்கள்.

நகர மையத்துக்கு உயிர் கொடுக்கவென்று 1974இல் கொம்தார் வேலையைத் தொடங்கினார்கள். பழைய தெருக்கள் பலவற்றை இடித்துவிட்டு, 65 மாடிக் கோபுரம். எண்பதுகளின் நடுவில் வேலை முடிந்தபோது ஆசியாவின் உயரமான கட்டடங்களில் ஒன்று. கொஞ்ச காலம் கூட்டம் அலைமோதியது உண்மை. பிறகு கர்னி பக்கமும் குவின்ஸ்பே பக்கமும் புது அங்காடிகள் வந்ததும் கொம்தாரும் களையிழந்தது. பழைய நகரத்தை மீட்கிறேன் என்று அதை இடித்துக் கட்டியது, என் கணக்கில் இந்த ஊரின் மிகப்பெரிய வீண்செலவு. நல்லவேளை, அந்த இடிப்பு மேற்கொண்டு பரவவில்லை. ஏன் பரவவில்லை என்பதற்கான பதில்தான் வாடகைச் சட்டம்.

1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 31 ஜனவரி 1948க்கு முன் கட்டிய கட்டடங்களுக்குப் பொருந்தும். ஜார்ஜ்டவுனின் உள்நகரம் ஏறக்குறைய முழுசும் அந்தக் கணக்கில் வந்துவிட்டது. வாடகையை ஏற்ற முடியாது, குடியிருப்பவரைக் கிளப்பவும் முடியாது. இடித்துக் கட்ட வேண்டுமென்றால் வாடகைத் தீர்ப்பாயத்துக்குப் போய், குடியிருப்பவருக்கு இழப்பீடு கொடுத்து, அனுமதி வாங்க வேண்டும். மாத வாடகை அற்பம், அதனால் வீட்டுக்காரர் ஒரு ஓட்டைக்கூட மாற்ற மாட்டார். சொந்த வீடில்லை, அதனால் குடியிருப்பவரும் செலவு செய்ய மாட்டார். அப்படியே ஒழுகிக்கொண்டு கிடந்தன.

கறுப்புச் சந்தையும் இருந்தது. தலைமைக் குடித்தனக்காரர் ஒருவர் முழு வீட்டையும் சட்டப்படியான சொற்ப வாடகைக்கு வைத்துக்கொள்வார். மாடியைப் பலகைத் தடுப்பால் அறை அறையாகப் பிரித்து உள்வாடகைக்கு விடுவார். இடத்தைக் கைமாற்றிக் கொடுக்க 'டீ காசு' என்று ஒரு முன்பணம். ஒரே மாடியில் பல குடும்பங்கள், ஒரே குழாய், ஒரே கழிப்பறை. அந்த வாழ்க்கையை நினைத்து உருகுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். அது வசதியான வாழ்க்கை அல்ல.

ஆனால் அந்தச் சொற்ப வாடகைதான் பிரம்பு பின்னுகிறவர், ஊதுபத்தி உருட்டுகிறவர், பெயர்ப்பலகை செதுக்குகிறவர், இங்கேயுள்ள நாகூர் தர்கா ஓரத்தில் சொங்கோக் தொப்பி தைக்கிறவர் என்று சிறு தொழில்காரர்களையெல்லாம் நகர மையத்தில் வைத்திருந்தது. சந்தை விலைக்கு வாடகை கேட்டிருந்தால் எழுபதுகளிலேயே அவர்கள் போயிருப்பார்கள். அதே சட்டம்தான் அடுக்குமாடி கட்டும் ஆசையோடு வந்தவர்களையும் வாசலில் நிறுத்தியது. போதாக்குறைக்கு மனைகள் குறுகலானவை. உரிமை கோங்சி எனப்படும் சீனக் குலச் சங்கங்களிடமும் வக்புகளிடமும் கோயில்களிடமும் வாரிசுகள் பத்துப் பேராகப் பிரிந்த குடும்பங்களிடமும் சிதறிக் கிடந்தது. மொத்தமாக வாங்கி இடிப்பது லேசில் நடக்காது. கோலாலம்பூரும் சிங்கப்பூரும் பழைய தெருக்களை வாரி வழித்த காலத்தில் ஜார்ஜ்டவுன் அழுக்கோடு நின்றது இதனால்தான்.

1997இல் அந்தச் சட்டத்தை ரத்து செய்யச் சட்டம் வந்தது. இடைக்கால அவகாசம் 1999 டிசம்பரோடு முடிந்தது. 1 ஜனவரி 2000 முதல் வீட்டுக்காரர் கேட்பதுதான் வாடகை. பினாங்கில் 12,000க்கும் மேற்பட்ட இடங்கள் ஒரே நாளில் கட்டுப்பாட்டிலிருந்து வெளியே வந்தன. வாடகைகள் பல மடங்கு ஏறின. தலைமுறை தலைமுறையாக இருந்த குடும்பங்கள் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு கிளம்பின. ஆசிய நிதி நெருக்கடி முடிந்தும் முடியாத நேரம் அது. கேட்ட வாடகைக்குப் புதிதாக ஆளும் வரவில்லை. ஆக, பழையவரும் போய்ப் புதியவரும் வராமல் தெருவுக்குத் தெரு பூட்டு தொங்கியது. உலக நினைவுச்சின்ன நிதியம் ஜார்ஜ்டவுனைத் தன் ஆபத்துப் பட்டியலில் 2000இலும் 2002இலும் சேர்த்தது. நீங்கள் கேள்விப்பட்ட 'பாழடைந்த ஜார்ஜ்டவுன்' பெரும்பாலும் இந்தச் சில வருஷங்களுடையதுதான்.

காலி வீட்டுக்கு ஒரு வாடகைக்காரர் கிடைத்தார்: பறவை. சீனர்கள் சூப்புக்கு வாங்கும் கூடு கட்டுகிற உழவாரக் குருவி. அதற்கு இருட்டும் ஈரமும் வேண்டும். அதனால் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டு, காற்றுக்குப் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளைச் சுவரில் செருகினார்கள். உள்ளே எந்நேரமும் தண்ணீர் தெளித்தார்கள். குருவிகளை ஈர்க்கப் பதிவுசெய்த கீச்சொலியை ஒலிபெருக்கியில் ஓடவிட்டார்கள். கூரையடியில் உத்தரம் உத்தரமாகக் கூடு, கீழே பலகைத் தளத்தில் எச்சம். அப்படி ஒரு வீட்டைச் சீரமைக்கக் கொடுத்தால் முதல் வேலை, எந்தப் பலகையில் கால் வைக்கலாம் என்று பார்ப்பது. ஊறிப்போன உத்தரத்தில் உளியை அழுத்தினால் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கு நாற்றமும் இரைச்சலும் பொதுச்சுவர் வழியே ஈரமும் இலவசம். பாரம்பரிய வட்டாரத்தில் இந்தப் பறவைப் பண்ணைகளைக் காலிசெய்ய 2013 இறுதிவரை கெடு கொடுத்தார்கள்.

சரி, மீட்சி எங்கே தொடங்கியது? யுனெஸ்கோவுக்கு வெகுமுன்னால். பினாங்கு மரபுடைமை அறக்கட்டளை 1986இல் உருவானது. அன்றைக்கு 'பழைய வீட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள்' என்று அவர்களைக் கேலி செய்தவர்கள் அதிகம். லீத் தெருவில் சோங் ஃபட் ஸேயின் மாளிகை, இன்று எல்லோரும் படம் எடுக்கிற நீல மாளிகை, இடிந்து விழும் நிலையில் இருந்தது. கட்டடக் கலைஞர் லாரன்ஸ் லோவும் இன்னும் சிலரும் 1989இல் அதை வாங்கி, வருஷக்கணக்கில் வேலை செய்து எழுப்பினார்கள். 2000இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுடைமை விருதில் முதன்மைப் பரிசு அதற்குக் கிடைத்தது. கவனியுங்கள், ஊர் காலியான அதே வருஷம். பழைய வீடு ஒரு சுமைதான் என்று நினைத்த உரிமையாளர்கள் பலருக்குக் கண் திறந்தது அப்போதுதான்.

7 ஜூலை 2008 அன்று மலாக்காவும் ஜார்ஜ்டவுனும் சேர்ந்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. ஜூலை 7 இன்று பினாங்கில் பொது விடுமுறை. மையப் பகுதி சுமார் 109 ஹெக்டேர், சுற்றிலும் காப்பு வளையம் சுமார் 150 ஹெக்டேர். பட்டியலில் ஏறிய கையோடு ஒரு சங்கடம்: உயர வரம்பை மீறும் நான்கு ஹோட்டல் திட்டங்களுக்கு அனுமதி போயிருந்தது தெரியவந்து, யுனெஸ்கோ ஆள் அனுப்பிப் பார்க்க நேர்ந்தது. பட்டியல் என்பது பட்டம் அல்ல, கண்காணிப்பு என்று ஊருக்குப் புரிந்தது அதில்தான்.

பணம் வந்த வழியும் முக்கியம். மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான கசானா நேஷனல் 2009இல் தொடங்கிய திங்க் சிட்டி என்ற நகரப் புத்துயிர் அமைப்பு, ஜார்ஜ்டவுனுக்கு 2 கோடி ரிங்கிட் மானியம் ஒதுக்கியது. ஒரே பெரிய திட்டத்தில் கொட்டாமல், ஓடு மாற்ற, முகப்பைச் சீராக்க, அஞ்சடியைச் செப்பனிட என்று சிறு சிறு தொகையாகக் கொடுத்தார்கள், உரிமையாளரும் தன் பங்கைப் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு. நான் பார்த்தவரை, அரசு சார்ந்த செலவுகளில் நன்றாகப் பலித்தது இதுதான். ஒருவர் வேலை செய்தால் எதிர் வீட்டுக்காரருக்கும் கை துறுதுறுக்கும்.

இங்கே சுண்ணாம்புக் கதை. இந்த வீடுகளுக்கு ஈரம் தடுக்கும் அடித்தளம் கிடையாது. தரையிலிருந்து சுவரில் ஈரம் ஏறும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக ஆவியாகிப் போகும். ஐம்பது அறுபது வருஷமாகப் பூச்சு உதிர்ந்த இடத்திலெல்லாம் சிமென்ட் அப்பினார்கள். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. அது உள்ளேயே மேலேறி, செங்கல்லுக்குள் உப்பு படிந்து, செங்கல் பொடிப்பொடியாகிவிடும். வெளியே பார்த்தால் வழவழவென்று சுவர், தட்டினால் பொள்ளல் சத்தம். நல்ல சீரமைப்பு என்றால் சிமென்ட்டைச் செதுக்கி எடுத்து, சுவரை மாதக்கணக்கில் உலரவிட்டு, மறுபடி சுண்ணாம்புச் சாந்து பூச வேண்டும். நீர்த்த சுண்ணாம்பை ஊறவைத்து, மணலோடு பிசைந்து, மெல்லிசான அடுக்குகளாக. ஹோட்டல் திறக்கும் தேதியை முன்கூட்டியே அறிவித்துவிட்ட முதலாளிக்கு அந்தப் பொறுமை இருக்காது. அதனால்தான் முகப்பு மட்டும் அழகாக, உள்ளே முழுக்கக் கான்கிரீட் போட்ட 'பாரம்பரிய' விடுதிகள் நிறைய.

உலகத்தின் கண் முழுசாகத் திரும்பியது 2012இல். 2010இல் தொடங்கிய ஜார்ஜ்டவுன் விழாவுக்காக, லிதுவேனியாவைச் சேர்ந்த எர்னஸ்ட் ஸகரேவிச் சுவர்களில் ஓவியம் வரைந்தார். ஆர்மீனியன் தெருவில் நிஜ சைக்கிளைச் சுவரில் பதித்து, அதில் இரண்டு குழந்தைகள் ஓட்டுவதுபோல் ஒரு படம். அவ்வளவுதான். கூட்டம் குவிந்தது, வரிசை நின்றது, பக்கத்தில் ஐஸ் கடை வந்தது, சாவிக்கொத்துக் கடை வந்தது, வாடகை ஏறியது. ஓவியம் நல்ல ஓவியம், குறை சொல்லவில்லை. பின்னால் இருநூறு வருஷக் கதையோடு ஒரு தெரு நிற்க, சைக்கிளோடு படம் எடுத்துவிட்டு வண்டி ஏறுகிறவர்களைப் பார்த்தால்தான் மனசு கேட்காது.

அதே வருஷங்களில் வெளியூர், வெளிநாட்டு முதலீட்டாளர்கள் கடைவீடுகளை வரிசை வரிசையாக வாங்கினார்கள். 2000இல் போகாமல் எப்படியோ ஒட்டிக்கொண்டிருந்த குடித்தனங்கள் இந்த அலையில் போயின. பாரம்பரிய மையப் பகுதியில் மக்கள்தொகை 2009இல் பத்தாயிரத்தை ஒட்டி இருந்தது. 2013இல் எடுத்த கணக்கில் அதற்கும் கீழே. விடுதிக் கட்டில்கள் கூடின, பள்ளிப் பிள்ளைகள் குறைந்தார்கள். 2016இல் அரசிதழில் வந்த சிறப்புப் பகுதித் திட்டம் எந்தக் கட்டடத்தை எப்படித் தொடலாம், எந்தத் தெருவில் என்ன தொழில் நடக்கலாம் என்று வரையறுக்கிறது. நல்ல ஆவணம். வாடகையைப் பற்றி ஒன்றும் செய்ய அதற்கு அதிகாரமில்லை. வாடகை வரம்பு என்று வாயெடுத்தாலே வீட்டுக்காரர்கள் 1966ஐ நினைத்து நடுங்குகிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் 1966க்கும் 2000க்கும் நடுவில், வருஷத்துக்கு இத்தனை சதவீதம்தான் ஏற்றலாம் என்று ஒரு படிக்கட்டு வைத்திருக்கலாம். யாரும் அதைச் செய்யவில்லை என்பதே என் ஆதங்கம்.

கடைசியாக லிட்டில் இந்தியா. குயின் தெரு, மார்க்கெட் தெரு, பினாங்குத் தெரு மூன்றும் ஏன் தாக்குப்பிடித்தன? அங்கே பிழைப்பு வீட்டுக் குடித்தனத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. நகைக்கடை, புடவைக்கடை, மளிகை, பணமாற்று, பூக்கடை ஆகியவற்றின் வாடிக்கையாளர் பினாங்கு முழுவதிலிருந்தும் எதிர்க்கரைத் தோட்டப்புறங்களிலிருந்தும் வருகிறவர். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு அங்கே கால் வைக்க இடமிருக்காது. அடுத்தது கோயிலும் பள்ளிவாசலும். குடியிருப்பவர் தெலுக் பஹாங்குக்கோ பாயான் பாருவுக்கோ மாறினாலும் சாமி மாறவில்லையே. தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் இன்றும் பினாங்குத் தெருக் கோயில் வீட்டிலிருந்துதான் கிளம்புகிறது. 1894இல் காரைக்குடியிலிருந்து வந்த ரதம் அது. வழிநெடுக உடைகிற தேங்காய்களில் சீனர்கள் உடைப்பது பெரும் பங்கு. மூன்றாவது, சில கட்டடங்கள் கோயில், வக்பு போன்ற அறக்கட்டளைகளின் கையில் இருப்பதால் அவை லேசில் விலைக்குப் போகாது.

ஆனால் 'தாக்குப்பிடித்தது' என்று கேள்வியில் இருப்பதை முழுசாக ஒப்புக்கொள்ள மாட்டேன். மாடிகளில் குடும்பங்கள் அருகிவிட்டன. இப்போது அங்கே தூங்குகிறவர்களில் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்த சமையல்காரர்களும் கடைப் பையன்களும் நிறைய. அடுத்த முறை வந்தால் கடைகளைப் பார்த்த பிறகு கொஞ்சம் அண்ணாந்து மாடிகளையும் பாருங்கள். குழந்தை உடுப்பும் பெரியவர் கைலியும் ஒரே கொடியில் காய்ந்தால் அங்கே குடும்பம் இருக்கிறது. ஒரே மாதிரி ஆண்கள் சட்டை பத்து வரிசையாகத் தொங்கினால் ஊழியர் விடுதி. புது ஏசி பெட்டிகள் அறைக்கு ஒன்றாக இருந்தால் தங்கும் விடுதி. செங்கல் அடைத்த சன்னலில் குழாய்த் துளைகள் தெரிந்தால், குருவி போய்விட்டது, வேறு யாரும் இன்னும் வரவில்லை.